மூன்று தையல் மெஷினும் இரண்டு பரப்புக் காணியும்

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு வீடு. தகரக் கூரை, பாதி பூசி விட்ட சுவர், வாசலோரம் சட்டிபானை கழுவ ஒரு சீமெந்துத் தொட்டி. உள்ளே மூலையில் பழைய பெட்சீற்றால் மூடிய ஏதோ ஒன்று, அதன் மேல் டிவி. பெட்சீற்றைத் தூக்கிக் காட்டினார் அந்த வீட்டு அம்மா. தையல் மெஷின். "இது மூண்டாவது தம்பி" என்றார். முதலாவதைப் போர் முடிந்த கையோடு ஒரு வெளிநாட்டு நிறுவனம் தந்தது. அதை விற்று மகளின் தோட்டை அடகிலிருந்து மீட்டார். இரண்டாவது, புலம்பெயர்ந்தவர்களின் சங்கம் ஒன்று தந்தது. அது இப்போது தங்கச்சி வீட்டில் நிற்கிறது. மூன்றாவதைத் தந்தவர்கள் யாரென்று அவருக்கே சரியாக ஞாபகம் இல்லை. கையளிப்பு நடந்த அன்று கட்டிய பெனரில் பெயர் இருந்ததாம். அந்தப் பெனர் கோழிக்கூட்டின் ஒரு பக்கத்துக்கு மறைப்பாகப் போய், வெயிலில் எழுத்தெல்லாம் வெளிறிவிட்டது. கூட்டுக்குள் கோழி இல்லை. கூடும் ஒரு திட்டத்தில் வந்ததுதான்.

அவருக்குத் தைக்கத் தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். அந்த ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், ஏழெட்டுப் பெண்களுக்குத் தெரியும், எல்லோரிடமும் மெஷின் இருக்கிறது. யாருக்கு யார் தைப்பது? பள்ளிச் சீருடை தைக்கும் வேலை ஆண்டுத் தொடக்கத்தில் இரண்டு மூன்று கிழமை வரும், போகும். மற்ற நாட்களில் துணி வாங்கித் தைக்கக் கொடுப்பவர்கள் குறைவு. கொழும்பிலிருந்து லொறியில் வந்து இறங்கும் ரெடிமேட் சட்டையின் விலைக்கு ஒழுங்கைத் தையற்காரியால் நூலும் பொத்தானும் வாங்கிக் கட்டாது.

யாழ்ப்பாணத்துக்கு உதவி வருவதில்லை என்று யாரும் சொல்ல முடியாது. வருகிறது, நிறையவே வருகிறது. ஆனால் அது இரண்டு வழியாக வருகிறது. ஒன்று உறவு வழி: ஊர், பள்ளிக்கூடம், கோயில். மற்றது அந்நியர் வழி: நிறுவனம், திட்டம், பயனாளிப் பட்டியல். உறவு வழியில் வரும் காசு பெரியது, வருடா வருடம் வருவது, 'என்ன நடந்தது?' என்று தொலைபேசியில் விசாரித்துக்கொண்டே வருவது. அந்நியர் வழியில் வருவது பெரும்பாலும் ஒரு பொருள், ஒரு படம், அதோடு சரி. ஆகக் கஷ்டப்படுகிற குடும்பங்கள் இந்த இரண்டாவது வழியில்தான் நிற்கின்றன. ஏன் அப்படி என்று விளங்க வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஒரு பிள்ளைக்கு மாதாமாதம் காசு கட்டி அதன் படத்தையும் கடிதத்தையும் வாங்கி வைத்துக்கொள்ளும் ஏற்பாடு புதிது என்று நினைப்பவர்கள் உண்டு. யாழ்ப்பாணத்தில் அதற்குக் கிட்டத்தட்ட 200 வயது. 1816இல் வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் தங்கிய அமெரிக்க மிஷனரிகள் பிள்ளைகளை விடுதியில் வைத்துப் படிப்பித்தார்கள். சோற்றுக்கும் துணிக்கும் படிப்புக்கும் காசு அமெரிக்காவிலிருந்த கொடையாளிகளிடமிருந்து வந்தது. காசு கட்டியவர் விரும்பிய பெயரைப் பிள்ளைக்கு வைக்கவும் செய்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை இருவரும் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினறியில் படித்தவர்கள். அந்தக் 'கறல்' அப்படி வந்து ஒட்டிக்கொண்ட வெளிநாட்டுப் பெயர்தான். 1824இல் தொடங்கிய உடுவில் மகளிர் பள்ளியில் இன்னும் ஒரு படி மேலே போய், படித்து முடித்துக் கிறிஸ்தவரை மணந்த பெண்களுக்கு மிஷனே சீதனமும் கொடுத்தது. ஊர் வழக்கம் தெரிந்துதான் வேலை செய்திருக்கிறார்கள்.

இதற்குப் பதிலடியாக ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அந்தப் பள்ளிக்குக் காசு அமெரிக்காவிலிருந்து வரவில்லை. ஊர்ச் சனங்களிடமிருந்தும் வியாபாரிகளிடமிருந்தும் வந்தது. 1870களின் பஞ்சத்தில் நாவலர் கஞ்சித்தொட்டி நடத்தியதும் அதே ஆட்களின் கையால்தான். 1923இல் இந்து போர்ட் என்று ஊரெல்லாம் சொல்லும் சைவ வித்தியா விருத்திச் சங்கம் வந்தது. கிராமம் கிராமமாகச் சைவப் பள்ளிகள் எழும்பின. மிஷன் ஒரு பள்ளி கட்டினால் பக்கத்தில் சைவப் பள்ளி ஒன்று. அந்தப் போட்டி யாழ்ப்பாணத்துக்குக் கொடுத்த பள்ளிகளை எண்ணினால், மதச் சண்டையையும் சில நேரம் வாழ்த்தத் தோன்றும்.

ஆனால் இரண்டு தரப்பின் பள்ளிகளிலும் வாங்கில் (பெஞ்சில்) இருந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளாளப் பிள்ளைகள். பஞ்சமர் என்று ஒதுக்கி வைக்கப்பட்ட சாதிகளின் பிள்ளைகள் நிலத்தில் இருந்தார்கள், அல்லது பள்ளிக்கே வரவில்லை. உதவி பெறும் பள்ளிகளில் எல்லோருக்கும் சம ஆசனம் கொடுக்க வேண்டும் என்ற கட்டளை 1930ஐ ஒட்டி நடைமுறைக்கு வந்தபோது, சில பள்ளிக்கூடங்களுக்குத் தீ வைத்தார்கள். தன் பிள்ளைக்குப் பக்கத்தில் இன்னொரு பிள்ளை வாங்கில் இருப்பதைப் பார்ப்பதைவிடப் பள்ளிக்கூடம் எரிவது பரவாயில்லை என்று நினைத்த ஆட்களும் இதே ஊரவர்கள்தான். யாழ்ப்பாண வாலிப காங்கிரஸ் போன்றவர்கள் சம ஆசனத்துக்காக நின்றதும் அந்தக் காலத்திலேயே. அதற்கும் முன்னால், 1914இல், வடமராட்சியில் சூரன் என்பவர் தன் சமூகத்தின் பிள்ளைகளுக்காகத் தேவரையாளிச் சைவ வித்தியாசாலையைத் தொடங்கியிருந்தார். அமெரிக்காவிலும் ஆளில்லை, வியாபாரிகளிலும் ஆளில்லை என்ற நிலையில் ஒதுக்கப்பட்டவர்களே எழுப்பிய பள்ளி அது. இன்று அது தேவரையாளி இந்துக் கல்லூரி.

1945இல் அன்றைய கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. 1960, 61இல் உதவி பெறும் பள்ளிகளில் பெரும்பாலானவற்றை அரசு எடுத்துக்கொண்டது. ஆசிரியர் சம்பளம், பாடப்புத்தகம், பிறகு சீருடைத் துணி எல்லாம் அரசின் கணக்கில். அப்புறம் தர்மத்துக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். தர்மம் நிற்கவில்லை, உருவம் மாற்றிக்கொண்டது. பள்ளியை நடத்துவதிலிருந்து விலகி, பள்ளிக்குக் கட்டடம், மைதானம், கணினி அறை, பாண்ட் வாத்தியம் என்று வாங்கிக் கொடுப்பதற்குப் போனது. அதைச் செய்வது பழைய மாணவர் சங்கம்.

இந்த இடத்தில்தான் கதையின் முடிச்சு. 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு வெளிநாடு போனவர்கள் எப்படிப் போனார்கள்? ஏஜென்சிக்குக் கட்டக் காசு வேண்டும். காணியை ஈடு வைத்தார்கள், நகையை விற்றார்கள், முதலில் போன அண்ணன் தம்பியைக் கூப்பிட்டார். காணியும் நகையும் முதலில் போன அண்ணனும் இல்லாதவர்கள் இரவில் வள்ளத்தில் ஏறி இராமேஸ்வரத்தில் இறங்கினார்கள்; மண்டபம் முகாமிலும் தமிழ்நாட்டின் மற்ற முகாம்களிலும் வருடக்கணக்கில் இருந்தார்கள். அதுவும் முடியாதவர்கள் இங்கேயே இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து நலன்புரி நிலையங்கள் என்ற முகாம்களில் முடிந்தார்கள். ரொறன்ரோவுக்குப் போனவர் ஊர்ச் சங்கம் அமைப்பார், பள்ளிக்கு மண்டபம் கட்டுவார். மண்டபம் முகாமுக்குப் போனவர் என்ன அனுப்புவார்? யார் எங்கே போக முடிந்தது என்பதைப் பணமும் காணியும் தீர்மானித்தன. எந்தப் பள்ளிக்குப் பின்னாளில் காசு வரும் என்பதும் அன்றைக்கே தீர்மானமாகிவிட்டது.

இதனால் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் கூட விசித்திரமான காட்சிகள். ஒரு பெரிய பள்ளியில் பழைய மாணவர்களின் லண்டன் கிளையும் கனடாக் கிளையும் யார் நீச்சல் தடாகம் கட்டுவது, யார் மண்டபத்துக்கு ஏசி போடுவது என்று பேசிக்கொள்ளும். அங்கிருந்து சைக்கிளில் போகக்கூடிய தூரத்தில் உள்ள சின்னப் பள்ளிக்கு வெளிநாட்டுக் கிளை என்று ஒன்றுமே இல்லை. அங்கே படித்தவர் கொத்து வேலை செய்கிறார், மீன் ஏற்றிப்போகிறார், கூப்பிட்டால் வந்து கூரை ஓடு மாற்றிக் கொடுப்பார். அதுவும் தர்மம்தான். ஆனால் அது எந்தக் கணக்கறிக்கையிலும் ஏறாது.

வெளிநாட்டுக்காரரைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. பனிக்குள் இரண்டு வேலை செய்து அனுப்புகிற காசு அது, தான் படித்த பள்ளிக்குத்தான் மனம் போகும். ஒரு கோயில் கோபுரத்துக்கு அள்ளிக் கொடுப்பவர் பக்கத்து ஒழுங்கைப் பிள்ளையின் பஸ் காசுக்கு யோசிப்பது மட்டும் இன்றுவரைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. இந்தக் கோயில் காசையே திருப்பி விட்டவர்களும் இங்கே இருந்திருக்கிறார்கள். தெல்லிப்பழை துர்க்கை அம்மன் கோயிலை நடத்திய சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்கென்று துர்க்காபுரம் மகளிர் இல்லத்தை அதே கோயில் பெயரில் உண்டாக்கினார். கோண்டாவிலில் உள்ள சிவபூமி பாடசாலை மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கானது. அதற்கும் அடித்தளம் கோயிலைச் சுற்றியுள்ள மனிதர்கள்தான். இந்த இரண்டிலும் 'எந்த ஊர், எந்தப் பள்ளி?' என்பது முதல் கேள்வி அல்ல.

இனிப் படிப்பின் விஷயம். இலவசக் கல்வி நாட்டில் படிப்புக்கு என்ன செலவு? கொப்பி, சப்பாத்து, பை, பஸ், ரியூசன். கடைசியாகச் சொன்னதுதான் ஆகப் பெரியது. யாழ்ப்பாணத்தில் ரியூசன் என்பது மேலதிகப் படிப்பு அல்ல, கிட்டத்தட்ட அதுதான் படிப்பு. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையிலிருந்து ஏ.எல் (உயர்தரம்) வரைக்கும் பிள்ளையின் பின்னேரம் ரியூட்டரிக்குச் சொந்தம். பத்தாம் வகுப்பில் வாத்தியார் 'இது ரியூசனில் படித்திருப்பீர்கள்தானே' என்று ஒரு பாடத்தைத் தாண்டிப் போனால், ரியூசனுக்குப் போகாத நாலு பிள்ளைகள் அன்றே பின்தங்கிவிடுகிறார்கள். கொப்பியும் பையும் கொடுக்கிற நிகழ்ச்சியில் இந்த நாலு பேரும் முன்வரிசையில் நின்று படம் எடுத்திருப்பார்கள். பிரச்சினை கொப்பியில் இருக்கவில்லை.

அப்புறம் தூரம். உயர்தரத்தில் கணிதம், விஞ்ஞானம் எல்லாப் பள்ளியிலும் இல்லை. 1ஏபி வகைப் பள்ளிகளில்தான் உண்டு. ஓ.எல்லில் (சாதாரண தரத்தில்) நல்ல பெறுபேறு எடுத்த தீவகத்துப் பிள்ளை என்ன செய்வது? நெடுந்தீவுப் பிள்ளை என்றால் குறிகட்டுவானுக்குப் படகு, அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பஸ். தினமும் போய்வருவது நடக்காது. நகரத்தில் தங்க வேண்டும், தங்க இடத்துக்கும் சாப்பாட்டுக்கும் காசு வேண்டும். அதனால் பிள்ளை தன் பள்ளியில் இருக்கிற கலைப்பிரிவை எடுக்கும். 'விருப்பமில்லை' என்று படிவத்தில் எழுதுவார்கள்.

பல்கலைக்கழக அனுமதியில் மாவட்ட ஒதுக்கீடு இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். கலைத்துறை தவிர்ந்த துறைகளில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்பது விதி. பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மாவட்டம் என்பது ஒரே கூடை. நகரத்துப் பெரிய கல்லூரியில் படித்து மூன்று ரியூட்டரிக்குப் போன பிள்ளையும், நெடுந்தீவுப் பிள்ளையும், வடமராட்சி கிழக்கின் கடற்கரைப் பிள்ளையும் அதே யாழ்ப்பாண மாவட்ட இடங்களுக்குத்தான் போட்டி போடுகிறார்கள். மாவட்டத்துக்குக் கிடைக்கிற சலுகை மாவட்டத்துக்குள்ளே யாருக்குப் போகிறது என்பதை எந்த வெட்டுப்புள்ளியும் சொல்லாது.

பிள்ளை பள்ளிக்கு வராத நாட்களைப் பதிவேட்டில் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரியும். ஒரு சின்னப் பள்ளியின் அதிபர் எனக்கு அதைக் காட்டினார். செம்மண் தோட்டங்களில் வெங்காய நடுகை நடக்கிற கிழமையும் பிடுங்குகிற கிழமையும் வரவு விழுந்து கிடந்தது. அம்மா கூலிக்குப் போனால் மூத்த பிள்ளை வீட்டில் நின்று சின்னதைப் பார்க்க வேண்டும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதானால் தானும் வெங்காயப் பிடி கட்டப் போகும். பள்ளியில் மத்தியானச் சாப்பாடு ஒழுங்காகக் கிடைக்கிற வகுப்புகளில் வரவு அவ்வளவு விழவில்லை. படிப்புக்கு உதவுவதும் வீட்டு வருமானத்துக்கு உதவுவதும் வேறுவேறு திட்டம், வேறுவேறு கோப்பு என்று நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. அந்தப் பதிவேட்டில் இரண்டும் ஒரே பக்கத்தில் இருந்தன.

நான் பார்த்தவற்றில் ஒழுங்காக ஓடுகிற உதவிகள் பெரிய பெயர் இல்லாதவை. ஒரு சனசமூக நிலையத்தில் பின்னேர வகுப்பு. ஏ.எல் எழுதிவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குக் காத்திருக்கிற அதே ஊர்ப் பிள்ளைகள் இரண்டு பேர் கணிதமும் இங்கிலீசும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அவர்களுக்கு மாதம் ஒரு தொகை. வகுப்புக்கு வருகிற பிள்ளைகளுக்குக் கடலை அல்லது பணிஸ், ஒரு தேத்தண்ணி. அவ்வளவுதான். சொல்லிக்கொடுக்கிற அக்காவின் வீடும் அதே ஒழுங்கையில் என்பதால், வராத பிள்ளையை வீட்டுக்கே போய் இழுத்து வந்துவிடுவார். ரிப்பன் வெட்ட எதுவும் இல்லாததால் இதற்குக் காசு சேர்ப்பதுதான் கஷ்டம் என்றார் நிலையத்தின் செயலாளர்.

மாதாமாதம் காசு அனுப்பும் முறையிலும் ஒரு கணக்கு இருக்கிறது, பலர் அதைப் போட்டுப் பார்ப்பதில்லை. 2022இன் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது. அந்த ஆண்டின் நடுப்பகுதிக்குள் 360 ரூபாயாகியது. மாதம் 50 டொலர் அனுப்பியவரின் காசு 10,000 ரூபாயிலிருந்து 18,000 ஆகியது. அனுப்புபவருக்கு உதவி கூடிவிட்ட மாதிரித் தோன்றும். ஆனால் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். முந்தைய ஆண்டு 10,000 ரூபாய்க்கு வாங்கிய சாப்பாட்டுச் சாமானுக்கு 19,500 ரூபாய் வேண்டியிருந்தது. ஆக, 18,000 என்பதும் பழைய 10,000இன் பெறுமதியிலும் குறைவு. இது டொலரில் அனுப்பியவர்களின் கதை. 'ஒரு பிள்ளைக்கு மாதம் 5,000 ரூபாய்' என்று தீர்மானம் போட்டுவிட்டு அதை மாற்றாமலே விட்ட சங்கங்களின் பிள்ளைகளுக்கு அந்த உதவி பாதியாகிவிட்டது, ஒருவரும் குறைக்காமலே.

வாழ்வாதாரம் என்ற சொல் போருக்குப் பிறகு எல்லோர் வாயிலும் புகுந்துவிட்டது. 'வாழ்வாதாரம் தந்தார்கள்' என்றால் ஆடு அல்லது கோழி தந்தார்கள் என்று அர்த்தம். ஆட்டை எடுத்துக்கொள்வோம். நல்ல சினை ஆடு, காதில் இலக்கத் தகடு, கழுத்தில் புதுக் கயிறு. கையளிப்பு நாள் முடிந்து ஆடு வீட்டுக்கு வருகிறது. அதற்குக் குழை வேண்டும். யாழ்ப்பாணத்தில் குழைக்கு எங்கே போவது? வேலிக்குத்தான். பூவரசு, கிளுவை, கிளிசரியா, முள்முருக்கு எல்லாம் கதியாலாக வேலியில் நிற்கும், ஒடித்து ஒடித்துப் போடலாம். வேலி தன்னுடையதாக இருந்தால். இரண்டு பரப்புக் காணியும் சொந்தமில்லாத, இன்னொருவர் வளவின் மூலையில் கொட்டில் போட்டிருக்கிற குடும்பத்துக்கு வேலியே கிடையாது. முன்பு தெருவோர வேலிகளில் ஒடித்தார்கள். இப்போது வெளிநாட்டுக் காசில் வேலிகள் மதில்களாகிவிட்டன. கனடாவிலிருந்து ஒரு கையால் ஆடு வருகிறது, மற்றக் கையால் மதில் வருகிறது. மதிலை ஆடு தின்னாது.

ஆடு எத்தனை நாள் நிற்கும்? பெரும்பாலும் அடுத்த தவணை வரைக்கும். நுண்கடன் என்ற பெயரில் வந்த நிறுவனங்கள் ஐந்து பெண்களை ஒரு குழுவாக்கி, ஒருவருக்கு ஒருவர் பிணை நிற்க வைத்துக் கடன் கொடுத்தன. கிழமைக்கு ஒரு நாள் மோட்டார் சைக்கிளில் ஆள் வரும். ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும் கட்ட வேண்டும், கட்டும்வரைக்கும் ஆள் எழும்பிப் போகாது. ஒரு கடனை அடைக்க இன்னொரு நிறுவனத்தில் கடன், அதை அடைக்க ஊரில் மீற்றர் மாதிரி நாளுக்கு நாள் ஏறும் வட்டி. 2018இல் அரசு, வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்துத் தவணை தவறிய 1 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவித்தது, வட்டிக்கும் 35 வீதம் என்று மேல்வரம்பு வைத்தது. வரம்பே 35 என்றால் அதற்கு முன்னால் எங்கே நின்றிருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம். இந்த நிலையில் உள்ள வீட்டுக்கு இனாமாக ஓர் ஆடு வந்தால் அது ஆடு அல்ல, செவ்வாய்க்கிழமைத் தவணை. கண்காணிப்புக்கு ஆள் வருகிற அன்று பக்கத்து வீட்டு ஆட்டை இரவல் வாங்கிக் கட்டிய கதைகளைச் சிரித்துக்கொண்டே சொல்லுவார்கள். காதுத் தகடு மட்டும் பொருந்தாது.

கடற்கரையில் இதுவே வேறு வடிவம். படகும் வலையும் கொடுத்தார்கள். சுனாமிக்குப் பிறகு ஒரு தடவை, போருக்குப் பிறகு இன்னொரு தடவை. படகு ஓட மண்ணெண்ணெய் வேண்டும். 2022 ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாயானது. கடலுக்குப் போய்வருகிற செலவுக்கு மீன் விழாது என்று தெரிந்தால் படகு கரையில்தான் நிற்கும். அப்படியே போனாலும் இரவில் இந்திய இழுவைப் படகுகள் வலையை அறுத்துக்கொண்டு போகின்றன. இலங்கை 2017இல் இழுவை மடித் தொழிலைச் சட்டத்தால் தடை செய்தது. கடலில் கோடு கிழிக்க முடியவில்லை. மயிலிட்டித் துறைமுகம் அதே 2017இல் 27 ஆண்டுக்குப் பிறகு இராணுவத்திடமிருந்து விடுபட்டபோது திரும்பிப் போனவர்களில் பலர், தகப்பன் தொழில் செய்த கடலைச் சிறுபிள்ளையாகப் பார்த்ததோடு சரி. கடலைத் திருப்பித் தந்தார்கள், இடையில் போன 27 ஆண்டின் தொழில் பழக்கத்தை யார் தருவது?

பனைக்கு மட்டும் கொஞ்சம் வேறு வரலாறு. பனையில் கள் இறக்கும் சீவல் தொழிலாளர்கள் நெடுங்காலமாகத் தவறணைக்காரரின், அதாவது கள்ளுக்கடைக்காரரின், கையில் இருந்தவர்கள். 1970களில் அவர்களுக்கென்று கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. இறக்கிய கள்ளைச் சங்கம் வாங்கியது, விற்றது, மிச்சத்தைப் போத்தலில் அடைத்தது, திக்கம் என்ற ஊரில் வடிசாலையும் இருந்தது. சாதியால் ஒதுக்கப்பட்ட, ஆபத்தான, மழை மாதங்களில் வருமானம் நின்றுபோகிற ஒரு தொழிலைச் செய்தவர்களுக்கு விலை பேச ஓர் இடம் கிடைத்தது. அங்கே யாரும் யாருக்கும் ஆடு கொடுக்கவில்லை. மரத்திலிருந்து இறக்கியதற்கு நிச்சயமான விலை கிடைத்தது, அதனால் பிள்ளைகள் படித்தார்கள். வடக்கில் கூட்டுறவுக்கு இதைவிடப் பழைய வேரும் உண்டு. 1930களில் மூளாய் என்ற ஊரில் ஓர் ஆஸ்பத்திரியையே கூட்டுறவாக நடத்தத் தொடங்கினார்கள். இன்றைய சங்கங்கள் சிலவற்றில் அரசியல் புகுந்து, கணக்குப் பரிசோதனை வருடக்கணக்கில் இழுபட்டுக் கிடப்பதும் உண்மைதான். ஆனாலும் ஏழு பெண்களுக்கு ஏழு மெஷின் கொடுப்பதைவிட, ஏழு பேரையும் ஒரு சங்கமாக்கி, பக்கத்துப் பெரிய பள்ளியின் சீருடைத் தையலை அவர்களுக்கு எடுத்துக் கொடுப்பது மேல் என்பது என் எண்ணம். அதற்கு மெஷின் தந்த சங்கமும் மண்டபம் கட்டிய பழைய மாணவர் சங்கமும் ஒரு மேசையில் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே நகரத்தில், சில நேரம் ஒரே ஆட்களால்தான் நடத்தப்படுகின்றன.

இவ்வளவுக்கும் அடியில் கிடப்பது காணி. யாழ்ப்பாணத்தில் 16 பரப்பு ஓர் ஏக்கர். தோட்டக்காணி பரம்பரையாக யாரிடம் இருந்ததோ, பெரும்பாலும் இன்றும் அவர்களிடமே இருக்கிறது, உரிமையாளர் நோர்வேயில் இருந்தாலும். குத்தகைக்கு எடுத்து வெங்காயம் போடுகிறவர் கிணற்றுக்கும் இறைப்பு மெஷினுக்கும் காணிக்கும் வேறுவேறாகக் கொடுக்க வேண்டும்; விலை விழுந்த வருடம் விதை வெங்காயக் காசும் வராது. வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் கிளப்பப்பட்டு நலன்புரி நிலையங்களுக்குப் போனவர்களில், காணி விடுபட விடுபடக் காணிக்காரர் திரும்பிப் போனார்கள். திரும்பிப் போகக் காணி இல்லாதவர்கள் முகாமில் மிஞ்சினார்கள். இந்திய அரசின் 50,000 வீட்டுத் திட்டத்தில் வடக்குக் கிழக்கில் ஒரு வீட்டுக்கு 5 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் கொடுத்தார்கள். நல்ல திட்டம், ஆனால் வீடு கட்டக் காணி இருக்க வேண்டும், அதற்கு உறுதியோ அனுமதிப் பத்திரமோ இருக்க வேண்டும். ஏழைக் குடும்பங்களுக்கு அரசு கொடுத்த சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்துக்கு 2023இல் வந்த அஸ்வெசுமவின் கணக்கெடுப்பிலும் சொந்தக் காணியில்லாமல் இன்னொருவர் வளவில் இருக்கும் குடும்பம், வீட்டில் டிவியும் மெஷினும் இருப்பதைக் காட்ட நேர்ந்தால், எந்தப் பக்கம் சாயும் என்று அவர்களுக்கே பயம்.

அந்தத் தையல் மெஷின் அம்மாவிடம் போன தடவை இதைத்தான் கேட்டேன். என்ன தந்தால் சரிவரும்? யோசிக்கவே இல்லை. "ரெண்டு பரப்புக் காணி தம்பி, என்ர பேரில. வேலியில கிளுவைக் கதியால் நடுவன், உள்ளுக்கு ரெண்டு பாத்தி வெங்காயம். இவன் சின்னவன் கம்பஸுக்குப் போகுமட்டும் சமாளிப்பன்."

இரண்டு நாள் முன்னால் வேறொரு அமைப்பிலிருந்து ஒரு பெண்பிள்ளை டப்லெட்டோடு வந்து விபரம் எடுத்துப் போயிருக்கிறது. என்ன உதவி வேண்டும் என்ற இடத்தில் தையல், ஆடு, கோழி, சிறுகடை என்று நாலு கட்டம். காணி என்று சொல்லிப் பார்த்தாராம். "அது இதில இல்லையம்மா" என்று அந்தப் பிள்ளை பாவப்பட்டுச் சொன்னதாம்.

"பிறகு என்ன போட்டனீங்கள்?"

"கோழி எண்டு போடச் சொன்னன்" என்றார், பெனர் கட்டிய பக்கமாகக் கையைக் காட்டி. "கூடு சும்மா கிடக்குதுதானே."